பதினொரு நிமிடம்

மில்லின் பழைய கணினியை
ஐப்பசி இடி அடித்தது.
ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பிற்று.
அதை ஒரு சாரன் துண்டில் சுற்றி
என் மேசையில் வைத்தார் உதுமாங்கண்டு ஹாஜியார்:
"இதுக்குள்ளதான் எல்லாக் கணக்கும் கிடக்கு, ஸனூஸியா."

என்னிடம் இருப்பது
தோஹாவிலிருந்து காக்கா அனுப்பிய மடிக்கணினி.
மெல்லியது. விசிறி இல்லை. சூடேறாது.
அதன் ப்ரொசெசருக்கு ஒரு பேச்சு,
கணக்கு ப்ரோக்ராமுக்கு வேறு பேச்சு.
ஒன்றுக்கொன்று ஸலாம் சொல்லவும் தெரியாது.

முதல் நாள்
மெய்நிகர் இயந்திரம் ஒன்றை எழுப்பப் பார்த்தேன்.
'இந்தக் கட்டமைப்புக்கு ஆதரவில்லை'
என்றது ஒரு சிறிய பெட்டி.
கீழே ஒரேயொரு பொத்தான்: சரி.
எது சரி?

இரண்டாம் நாள் வேறு வழி.
வருகிறவருக்கு அறை கொடுத்தால் மட்டும் போதாது.
அவர் பழகிய சுவர், பழகிய கதவு,
யாரும் இனிச் செருகாத ப்ளொப்பிக்கு ஒரு வாய்,
எல்லாவற்றையும் பொய்யாகவேனும் கட்டவேண்டும்.
அவர் சொல்லும் ஒவ்வொரு கட்டளையையும்
நின்று கேட்டு
இந்தச் சில்லின் பேச்சுக்கு மாற்றி
விடையைத் திரும்ப அவர் பேச்சுக்கு மாற்றி...
ஒரு கூட்டலுக்குப் பின்னால் இருபது கூட்டல்.

அம்பாறைக் கச்சேரியில் நானும் அப்படித்தான்.
காணிப் பத்திரக்காரருக்குத் துணையாய்ப் போய்
கவுண்டருக்கு முன்னால் நிற்கையில்
சிங்களத்தில் கேட்டது தமிழாகி
தமிழில் நினைத்தது சிங்களமாகி
நாக்குக்கு வருவதற்குள்
கண்ணாடி போட்ட நோனா
அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவா.
மந்தம் என்று நினைத்திருப்பா.
நினைக்கட்டும்.

மூன்றாம் நாள், அஸருக்குப் பிறகு
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து விழுந்தது.
நினைவகத்தை எண்ணத் தொடங்கிற்று
தோளில் ஏற்றிய மூடைகளைக்
கணக்குப்பிள்ளை எண்ணுவதுபோல.
வெளியே சம்மாந்துறை வீதியில்
ஒரு லொறி பின்னுக்கு வந்துகொண்டேயிருந்தது.
"நித்திரையாப் போயிட்டா?" என்றார் ஹாஜியார்.
"இல்ல. யோசிக்குது."

பதினொரு நிமிடத்தில்
நீல வானமும் பச்சைப் புல்லும் வந்தன.
மூலையில் ஒரு மணிக்கூடு.
உள்ளே ஒரு நிமிடம் போக
வெளியே நாலு நிமிடம் போயிற்று.

வாசலில் கலந்தர்லெவ்வை நின்றிருந்தார்,
நெய்னாகாட்டிலிருந்து சைக்கிளில் வந்தவர்.
அவர் கேட்டது இவ்வளவுதான்:
பதினாலாம் ஆண்டுப் பெரும்போகத்தில்
தான் போட்ட நெல்லில்
ஆறு மூடைக்குக் காசு தந்ததா, இல்லையா?
ஒவ்வொரு போகமும் கேட்டிருக்கிறார்.
ஒவ்வொரு போகமும் ஒரே மறுமொழி:
கணினிக்குள்ள கிடக்கு, பாப்பம்.

பெயரைத் தட்டினேன்.
ஓர் எழுத்து விழ ஒரு மூச்சு.
மணற்கடிகாரம் தலைகீழானது,
மறுபடியும் தலைகீழானது.
சூடேறாத கணினியின் அடிப்பக்கம்
முதன்முறையாக மடியைச் சுட்டது.

பிறகு அந்த வரிசை வந்தது.
நிறை. ஈரம். பதர்க்கழிவு.
கடைசிக் கட்டத்தில்
ஆறு மூடை, கொடுபடவில்லை.

ஹாஜியார் குனிந்து பார்த்தார்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
"வேற மெஷினுக்குள்ள வேற மெஷின் எண்டியே புள்ள,
பிழையாக் கூட்டியிருக்கும்."

"மெதுவாத்தான் கூட்டும் ஹாஜியார்.
பிழையாக் கூட்டாது."

லொறிச் சத்தம் நின்றிருந்தது.
அவர் இலாச்சியைத் திறந்தார். மூடவில்லை.
"சரி. அண்டைய விலைக்குத் தாறன்."

உள்ளே கிலோ முப்பத்திரண்டு ரூபாய்.
வெளியே நூற்றிருபது.
இதை யாருக்கு எந்தப் பேச்சில் மாற்றிச் சொல்ல?
பற்றரி பதினேழு வீதம்.
இயந்திரத்தை நிறுத்தவா என்று கேட்டது திரை.

"நிப்பாட்டாதீங்க மகள்" என்றார் கலந்தர்லெவ்வை.
மூலையில் கிடந்த கதிரையை
தானே இழுத்துப் போட்டு
உட்கார்ந்தார்.